அவர் வரைந்த வாசல்கள்

எங்கள் பண்ணைக்கு வரைபடம் போட வந்த இன்ஜினியர் முதல் நாள் நிலத்தையே பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பி ரோட்டைப் பார்க்க நிறுத்தினார். பிறகு வேலிப் படலைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"சார், இடம் அந்தப் பக்கம் கெடக்கு."

"தெரியுது. இது உள்ளாற தொறக்குதே. வெளிப்பக்கம்ல தொறக்கணும்?"

"வெறும் படல்தானே சார். பண்ணை கட்டும்போது நல்ல கேட்டாப் போட்டுக்கலாம்."

"அந்தக் கேட்டும் வெளிய தொறக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

சமயநல்லூருக்கு மேற்கே, கண்மாய்க்குக் கீழே எங்கள் நிலம். என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் ஒர்க் ஷாப் வேலையை விட்டுவிட்டு வந்து, மாடு வைக்கலாம் என்று முடிவு செய்திருந்த சமயம். பத்து மாட்டுக்குப் பண்ணை. கறவைக்குத் தனி இடம், கன்றுக்குத் தனி, நோய் கண்ட மாட்டுக்குத் தள்ளி ஒரு கொட்டம் என்று கண்ட பண்ணைகளையெல்லாம் பார்த்துவிட்டு மனதில் ஒரு படம் வைத்திருந்தார். அதைக் காகிதத்தில் கொண்டுவர ஆள் தேடியபோது எல்லோரும் கைகாட்டியது இவரைத்தான்.

தெற்குவாசல் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் சேலை வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் சிவில் படித்து, படித்ததையும் மாட்டுக் கொட்டம் கட்டுவதற்கென்றே வைத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் அவரை மாட்டு இன்ஜினியர் என்று கேலி செய்வார்களாம். அதை அவரே எங்களிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை, வருத்தப்படவும் இல்லை. வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் தணிந்த குரலில் பேசுவார். எனக்கு ஒரு சொல் புரியாது. ஆனால் எதிர்ப் பக்கம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறார்கள், இவர் சாப்பிடாமலே சாப்பிட்டதாகச் சொல்கிறார் என்பது மட்டும் தொனியில் புரியும்.

மற்றவர்கள் கட்டடம் வரைவதை நான் பார்த்திருக்கிறேன். நாலு சுவரைப் போட்டுவிட்டு, பிறகு அதில் வாசலுக்கு இடம் விடுவார்கள். இவர் வாசல்களை முதலில் போட்டார். வெள்ளைத் தாளில் எங்கெங்கோ தனித்தனியாக வாசல்கள் நின்றன. அப்புறம்தான் ஒரு வாசலுக்கும் இன்னொரு வாசலுக்கும் நடுவே கோடு இழுத்துச் சுவராக்கினார். நிலத்தில் சுண்ணாம்புப் பொடி தூவிக் குறித்தபோதும் அப்படித்தான். பொட்டல் வெளியில் வாசலை மட்டும் குறித்துவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டார். "இங்க ஒருத்தி நிக்கிறா. பக்கத்துல ஒருத்தி. இவ சினை," என்று ஒவ்வோர் இடமாகக் கைகாட்டினார். பிறகு அந்த ஒவ்வோர் இடத்திலிருந்தும் தானே நடந்து வெளியே வந்து பார்த்தார். எங்காவது உடம்பைத் திருப்ப வேண்டியிருந்தால் பொடியைக் காலால் அழித்துவிட்டு மறுபடி குறித்தார். நல்ல வெயில். என் வீட்டுக்காரர் குடை பிடிக்கப் போனார். வேண்டாம் என்றுவிட்டார்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கொட்டம் கிழக்கு மேற்காக நீள வேண்டும், அப்போதுதான் வெயில் உள்ளே விழாது என்பார். கூரையின் உச்சியில் இடைவெளி விட்டு, சூடு அது வழியாக ஏறிப் போகும்படி செய்தார். தரையில் சிமெண்டு காய்வதற்கு முன்னால் வரி வரியாகக் கோடு இழுக்க வைத்தார். காய்ந்த பிறகு தண்ணீரை ஊற்றி என்னை வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். "வழுக்குதா? பாத்துச் சொல்லும்மா. ஓடுற மாதிரி நட." ஒரு விஷயத்தில் மட்டும் காரணம் சொல்ல மறுத்தார். தகரத்துக்குக் கீழே தென்னங்கீற்று வேய்ந்தால் குளுமையாக இருக்குமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கீத்து வேணாம்."

"எல்லாரும் போடுறாங்களே சார்."

"போடட்டும்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவருடைய வலது கை விரல்கள் முழுதாக மடங்காது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பென்சிலைப் பிடிக்காமல், விரலிடுக்கில் செருகி வைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கொட்டத்தில் அவர் வைத்த ஒன்றைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சாதாரணமாக ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாகச் சங்கிலியில் கட்டி, கொக்கியில் மாட்டுவோம். அவர் தீவனத் தொட்டியை ஒட்டி நீளமாக ஒரு கம்பியை ஓட விட்டார். எல்லாச் சங்கிலியும் அந்த ஒரே கம்பியில் கோத்திருக்கும். கொட்டத்துக்கு வெளியே சுவரோரம் ஒரு பிடி. அதை இழுத்தால் கம்பி நகர்ந்து எல்லாச் சங்கிலியும் ஒரே சமயத்தில் கழன்று விழும்.

வெல்டர் அதைப் பொருத்தி முடித்த அன்று என்னைத்தான் கூப்பிட்டார். சின்னவள் அப்போது கைக்குழந்தை, இடுப்பில் இருந்தாள். கீழே இறக்கிவிடப் போனேன்.

"புள்ளைய எறக்காத. அப்படியே இழு."

"ஒத்தக் கையில எப்படி சார்?"

"அன்னிக்கு ஒத்தக் கைதான் இருக்கும். இழு."

அசையவில்லை. அவர் வெல்டரைத் திட்டவில்லை. முழுவதையும் கழற்ற வைத்தார், தேய்க்க வைத்தார், எண்ணெய் போட வைத்தார். மறுநாள் மறுபடியும் குழந்தையோடு நின்று இழுத்தேன். இந்தத் தடவை இரண்டு விரலுக்கே வந்துவிட்டது. இன்னும் மாடு வராத வெறுங்கொட்டத்தில் அத்தனை சங்கிலியும் ஒன்றாகச் சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம் கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டிருக்கும். குழந்தை வீரிட்டு அழுதாள். நான் அவரைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சத்தம் முழுக்க அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை.

மாடுகள் வந்தன. அந்தப் பிடி எங்களுக்குத் தலைவலியாகத்தான் இருந்தது. ஒரு மாடு கொட்டத்துக்கு வெளியே நின்றபோது அதில் முதுகைச் சொறிந்து எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து வாழையை மேய்ந்து தீர்த்துவிட்டன. என் வீட்டுக்காரர் பிடியைக் கம்பி வைத்துச் சுற்றிக் கட்டினார். எப்போதாவது அந்தப் பக்கம் வரும்போது இன்ஜினியர் எங்கள் பண்ணைக்குள் எட்டிப் பார்ப்பார். பேசாமல் சுற்றுக்கம்பியைப் பிரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். என் வீட்டுக்காரர் மறுபடி கட்டுவார். அவர் மறுபடி பிரிப்பார்.

பிறகு சுற்று வட்டாரத்தில் மாட்டுத் திருட்டு வந்தது. என் வீட்டுக்காரர் கேட்டுக்குப் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டார். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சத்தமாகப் பேசிக் கேட்டேன்.

"திருடு போனா நீங்களா சார் வந்து நிப்பீங்க? எங்க பொழப்பு சார் இது."

"திருடு போன மாடு எங்கயாச்சும் உசுரோட நிக்கும் தம்பி," என்றார் அவர். "பூட்டாத."

 என் வீட்டுக்காரர் பூட்டை எடுக்கவில்லை. ஆனால் சாவியைக் கேட்டின் தூணிலேயே, என் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டார்.

அவர் மகள் கல்யாணத்துக்கு எங்களை அழைத்திருந்தார். டவுனில் பெரிய மண்டபம். வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்க வேண்டிய பெண்ணின் அப்பாவைக் காணோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன நான், சமையற்கட்டுக்குப் பின்னால் அவரைப் பார்த்தேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்கதவை மறைத்து அடுக்கியிருந்த காய்கறி மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து நகர்த்திக்கொண்டிருந்தார். கூலியாட்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் பார்ப்பதைக் கண்டதும், "இதுக்குத் தாப்பா வேற போட்டு வச்சிருக்கான்," என்றார், என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அவர் மனைவி என் தோளைத் தொட்டு இந்தப் பக்கம் அழைத்து வந்தார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"இவரு எங்க போனாலும் இப்படித்தாம்மா. சினிமாவுக்குப் போறத விட்டே வருசக்கணக்காச்சு."

நான் கேட்காமலே அவர் சொன்னார். கல்யாணம் ஆன புதிது. ஒத்தக்கடைப் பக்கம் இன்ஜினியர் போட்டுக் கொடுத்த முதல் பண்ணை. குளுமையாக இருக்கும் என்று கூரைக்குக் கீற்று வேயச் சொன்னது அவர்தான். ஒரு சாயங்காலம் கறவை நேரத்தில் அவர் அங்கே போயிருந்தபோது, ஒயர் உரசிக் கூரை பற்றிக்கொண்டது.

"மாடு பயந்தா பின்னாடி இழுக்கும்ல. இழுக்க இழுக்கக் கொக்கி இறுகிரும். கையால கழட்டவே முடியாதாம். மூணு மாட்டக் கழட்டி விட்டுட்டாரு. நாலாவது மாட்டுக்கிட்ட நிக்கும்போது கூரை எறங்கிருச்சு. யாரோ கால்ல புடிச்சு இவர வெளிய இழுத்துப் போட்டாங்க." முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. அந்த மூணு தப்பிச்சிருச்சுல்ல, மூணு தப்பிச்சிருச்சுல்லன்னு சொல்லித்தான் படுக்க வைப்பேன். இன்னிக்கு வரைக்கும்."

அதற்கப்புறம் இன்ஜினியர் எங்கள் பிடியில் சுற்றிய கம்பியைப் பிரித்துக்கொண்டு போனால் என் வீட்டுக்காரர் மறுபடி கட்டவில்லை. நான் கட்ட விடவில்லை.

எங்கள் கொட்டத்தில் தீ வந்தது சித்திரை மாதம், உச்சி வெயிலில். வைக்கோல் படப்பைக் கொட்டத்திலிருந்து தள்ளிப் போடச் சொல்லியிருந்தார் இன்ஜினியர். அந்த வருசம் கோடை மழைக்குப் பயந்து, கொட்டத்தை ஒட்டினாற்போலப் போட்டிருந்தோம். பக்கத்து நிலத்தில் கருவேல முள்ளைக் கொளுத்தினார்கள். சுழல்காற்று ஒன்று கிளம்பி நெருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து படப்பில் போட்டது. வெயிலுக்காகக் கொட்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பச்சை வலையில் அது தாவியது. என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போயிருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நான் மட்டும்தான்.

ஓடிப் போய்ப் பிடியை இழுத்தேன். இரண்டு விரலுக்கே வந்தது. சங்கிலிகள் விழுந்தன. மாடுகள் ஒன்றையொன்று இடிக்காமல், அவர் நடந்து பார்த்த அதே வழியில் வரிசையாக வெளியே வந்தன. சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்துவிட்டு, மோட்டார் போட ஓடினேன். ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். பெரியவள், நாங்கள் முதன்முதலில் வாங்கிய மாடு, நின்றது. படப்பு எரிவதைப் பார்த்தது. பிறகு திரும்பிக் கொட்டத்துக்குள்ளேயே போனது. அதன் பின்னாலேயே அது போட்ட கிடேரியும் போனது. நான் கத்தினேன். கல்லெடுத்து எறிந்தேன். புகைக்குள் கொஞ்ச தூரம் போனேன். தெரிந்த மட்டும் பார்த்தேன். பெரியவள் தன் இடத்தில், தன் தொட்டிக்கு நேராக, சாயங்காலம் தீவனத்துக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் சங்கிலி இல்லை.

மறுநாள் காலையில் இன்ஜினியர் வந்தார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கம்பி இல்லன்னா ஒண்ணு மிஞ்சியிருக்காது சார். எட்டு உசுரு," என்று அழுதார். அவர் தலையை ஆட்டினார். இரண்டு மாடு எப்படிப் போனது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"கட்டு இல்லாமயா?"

"கட்டு இல்லாமத்தான் சார். வெளிய வந்துட்டுத் திரும்பிப் போச்சு."

"அதது எடத்துலயேவா நின்னுச்சு?"

"ஆமா சார்."

கருகிய தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. காபி கொண்டுவந்து கொடுத்தேன். கையிலேயே ஆறிப்போனது. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"மூணு மாட்டக் கழட்டி விட்டேன்மா அன்னிக்கு. வெளிய போயிருச்சுன்னு இவ்வளவு வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். எங்க போச்சுன்னு நான் பாக்கவே இல்லையே."

கொஞ்ச நாளில் புதுக் கொட்டத்துக்கு வரைபடம் கொண்டுவந்தார். இந்தத் தடவை கொட்டத்துக்கு எதிரே, தள்ளி, வேலியடைத்த ஒரு வெளி இருந்தது. அதற்கும் ஒரு கேட். "வெளிய வந்ததும் இதுக்குள்ள வந்துரணும். இந்தக் கேட்டைச் சாத்திரணும்," என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பூட்டுகிற கதவு ஒன்றை வரைந்திருந்தார். அதைச் சொல்லிவிட்டுக் கிளம்பாமல் நின்றார். என்ன சார் என்றேன்.

"ஒத்தக்கடைக்கு ஒரு தடவை போய்ட்டு வரணும். தனியாப் போக முடியல. நீ வாரியாம்மா? நீ கண்ணால பாத்தவ."

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அவரோடு பஸ் ஏறினேன். ஒத்தக்கடையில் அந்தப் பண்ணை இருந்த இடம் அவருக்கே பிடிபடவில்லை. முழுக்க வீட்டு மனைகளாகிவிட்டது. மாடி வீடுகள், காம்பவுண்டுச் சுவர்கள், தண்ணீர் லாரி. பண்ணைக்காரர் எப்போதோ விற்றுவிட்டு மெட்ராஸ் பக்கம் போய்விட்டதாக டீக்கடையில் சொன்னார்கள். அங்கே பால் கறந்த அம்மா ஒருத்தர் மட்டும் இருக்கிறார், காலேஜுக்குப் பின்னால் இட்லிக்கடை போட்டிருக்கிறார் என்று வழி காட்டினார்கள்.

நாங்கள் போனபோது அந்த அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைவிட ரொம்ப மூத்தவர். இவர் கிட்டப் போய் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"அம்மா, நீங்க வேல பாத்த பண்ணைக் கொட்டத்தக் கட்டுனவரு இவருதான். தீப்பிடிச்சப்ப மூணு மாட்ட அவுத்து விட்டிருக்காரு. அது பொழச்சுச்சா, என்னாச்சுன்னு கேக்கணும்னு வந்திருக்காரு."

அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். இன்ஜினியரின் நரைத்த தலையை, மடங்காத விரல்களை, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த பையைப் பார்த்தார்.

"பொழச்சுச்சு சார்," என்றார். "மறுநா காலையில மூணும் கெணத்தடியில நின்னுச்சு."

"மூணுமா?"

"மூணுந்தான்."

"ஒரு செவலை இருந்துச்சே. நெத்தியில வெள்ளச் சுட்டி. அதுவும் நின்னுச்சா?"

"அதுதான சார் மொதல்ல நின்னுச்சு. அதுக்கப்புறமும் ரொம்ப நாளு கறந்துச்சு."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மா பதறிப்போய் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, எங்களை உட்கார வைத்து இட்லி வைத்தார். அவர் பேசாமல் சாப்பிட்டார். இன்னும் ஒன்று வைத்தபோது மறுக்கவில்லை. அவர் வெளியிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. எனக்கு மனசு லேசாகியிருந்தது.

"இனிமே நிம்மதியா இருங்க சார். வீட்ல அம்மாகிட்டயும் சொல்லுங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க செவலையே கெடையாதும்மா," என்றார். "அத்தனையும் கறுப்பு வெள்ளை. சீமை மாடு."

நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் திரும்பவில்லை.

"பாவம், எம் மூஞ்சியப் பாத்துட்டு அந்தம்மா வேற என்ன சொல்லும். ஒருவேள தீக்கு அப்புறம் வேலைக்கு வந்தவங்களோ என்னமோ." அவர் குரலில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. "நல்ல மனசு."

மாட்டுத்தாவணியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் எங்களைப் பார்த்தார். நான் எழுந்து நின்று "சார்" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"ஆனா கெணத்தடின்னு சொன்னாங்கல்ல," என்றார். "அங்க கெணறு இருந்துச்சும்மா. அது நெசம். கொட்டத்துக்கு நேர் எதுத்தாப்புல. நாந்தான் எடம் பாத்துக் குடுத்தேன். மாடு தண்ணிக்கு அங்கதான் போகும்."

நான் ஆமாம் சார் என்றேன்.

"வேற எங்கயும் போகாது. அங்கதான் போகும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.